இரு பெயர் ஒன்றான வரலாறு

ஒரு பொருளுக்குப் பல பெயர் இருப்பது தமிழுக்குப் புதிதன்று. நிகண்டுகளைப் புரட்டினால் கடலுக்கும் மலைக்கும் யானைக்கும் எத்தனையோ பெயர்களைக் காணலாம். புலவர்க்கு அது செல்வம். ஆனால், அறிவியலில் ஒரு பொருள் இரு பெயர் பெறுவது பெரும்பாலும் தொல்லையாகவே முடியும். ஒருவர் எழுதியதை மற்றொருவர் படிக்கும்பொழுது, பேசப்படுவது ஒரே பொருளா, வேறு வேறு பொருள்களா என்ற ஐயம் எழும். பெயரைக் காப்பாற்றும் முயற்சியில் பொருளை மறப்பதும் உண்டு.

மனித உடலில் இரத்தக் குழாய்களைச் சுருங்கச் செய்யும் நுண்பொருள் ஒன்று இருக்கிறது. அதனைத் தென் அமெரிக்காவில் ஒரு குழுவினரும் வட அமெரிக்காவில் மற்றொரு குழுவினரும், ஒருவரையொருவர் சாராமல், ஏறக்குறைய ஒரே காலத்தில் கண்டுபிடித்தனர். ஒவ்வொரு குழுவும் ஒரு பெயர் சூட்டிற்று. ஏறத்தாழ 18 ஆண்டுகள் இரண்டு பெயர்களும் வழங்கி வந்தன. பின்னர் அப்பெயர்கள் இரண்டும் ஒன்றாயின. அஃது எவ்வாறு நிகழ்ந்தது என்பது, கலைச்சொல் பற்றிக் கவலைப்படுவோர் யாவரும் அறிய வேண்டிய வரலாறு.

குழாயும் அழுத்தமும்

தோட்டத்திற்கு நீர் பாய்ச்சும் இரப்பர்க் குழாயின் நுனியை விரலால் சிறிது அழுத்தினால், நீர் விரைந்து பீறிடும். குழாயினுள் அழுத்தம் மிகுந்துவிட்டது என்பது அதன் பொருள். இரத்தக் குழாய்களின் இயல்பும் இதனை ஒத்ததே. இதயம் ஒரே அளவு இரத்தத்தை வெளியேற்றினாலும், உடலெங்கும் பரவியுள்ள சிறு நாடிகள் சுருங்கினால் அழுத்தம் உயரும், விரிந்தால் தாழும். இந்தச் சுருக்கமும் விரிவும் நரம்புகளால் நிகழ்வன என்றே முன்னாளில் எண்ணினர். இரத்தத்தோடு கலந்து சென்று குழாய்களைச் சுருக்கும் பொருள்களும் உண்டு என்பது பின்னர்த்தான் தெரிய வந்தது.

அத்தகைய பொருள்களுள் சில, அமினோ அமிலங்கள் சங்கிலி போல் கோத்து அமைந்தவை. அவற்றைப் பெப்டைடு என்பர். ஓர் உறுப்பில் தோன்றி, இரத்தத்தின் வழியே சென்று, வேறோர் உறுப்பை இயக்கும் பொருளை ஹார்மோன் என்பர். தமிழில் இயக்குநீர் என்றும் வழங்குவர். ஹார்மோன் என்னும் சொல்லை இலண்டன் பேராசிரியர் எர்னஸ்ட் ஸ்டார்லிங் 1905-ஆம் ஆண்டில் வழக்கிற்குக் கொண்டு வந்தார். ஈண்டுக் கூறப்போகும் வரலாறோ அச்சொல் பிறப்பதற்கு முன்பே தொடங்கிவிட்டது.

முயலின் சிறுநீரகம்

சிறுநீரகத்திற்கும் இதயத்திற்கும் ஏதோ ஒரு தொடர்பு இருக்கிறது என்பதை முதலில் சுட்டியவர் இலண்டன் கை மருத்துவமனையைச் சேர்ந்த ரிச்சர்டு பிரைட் என்னும் மருத்துவர். சிறுநீரகம் கெட்டு இறந்தவர்களின் உடல்களை அவர் அறுத்துப் பார்த்தபொழுது, பலருடைய இதயம் பருத்திருக்கக் கண்டார். 1836-ஆம் ஆண்டில் அவர் இதனை எடுத்துரைத்தார். ஆனால், நோயாளியின் கையில் பட்டையைச் சுற்றி இரத்த அழுத்தத்தை அளக்கும் கருவி அந்நாளில் இல்லை. அதனை இத்தாலி நாட்டு ரீவா ரோச்சி என்பார் 1896-இல்தான் அமைத்தார்.

அதே காலத்தில், சுவீடன் நாட்டுத் தலைநகராகிய ஸ்டாக்ஹோமில், கரோலின்ஸ்கா நிலையத்தில் உடலியல் பேராசிரியராக இருந்தவர் இராபர்ட் டிகர்ஸ்டெட். பின்லாந்தில் பிறந்தவர். அவரும் அவருடைய மாணவர் பெர் பெர்க்மன் என்பாரும் முயலின் சிறுநீரகத்தை நசுக்கிச் சாறெடுத்து, அச்சாற்றை வேறொரு முயலின் இரத்தத்தில் செலுத்தினர். அதன் இரத்த அழுத்தம் உயர்ந்தது. சிறுநீரகத்தின் புறப்பகுதியிலிருந்து எடுத்த சாறே இவ்வாறு வேலை செய்தது. உட்பகுதியின் சாற்றுக்கு அந்த ஆற்றல் இல்லை. சாற்றைக் கொதிக்க வைத்தால் ஆற்றல் அழிந்தது. இவற்றையெல்லாம் வரிசையாக ஆய்ந்து, 1898-ஆம் ஆண்டில் அவர்கள் கட்டுரை வெளியிட்டனர். சாற்றில் உள்ள பொருளுக்கு ரெனின் என்று பெயரிட்டனர். ரென் என்பது இலத்தீன் மொழியில் சிறுநீரகம். பொருள் பிறந்த இடத்தையே பெயர் சுட்டியது. அதன் வேலை இன்னதென முழுதும் அறியாத நிலையில், வேலையைப் பெயராக்காமல் பிறப்பிடத்தைப் பெயராக்கியது அறிவுடைமை. அப்பெயர் இன்றளவும் மாறாமல் நிற்கின்றது.

பெயர் நின்றது, கண்டுபிடிப்போ மறக்கப்பட்டது. டிகர்ஸ்டெட் பின்னர்த் தம் தாய்நாடு சென்று ஹெல்சிங்கியில் பேராசிரியரானார். வேறு ஆராய்ச்சிகளில் ஈடுபட்டார். பெர்க்மனும் அவ்வாராய்ச்சியைத் தொடரவில்லை. பிறர் செய்து பார்த்த சோதனைகள் சில நேரம் பலித்தன. சில நேரம் பலிக்கவில்லை. ஆகவே ரெனின் என்னும் சொல் ஏறத்தாழ 40 ஆண்டுகள் நூலகத்தில் உறங்கிற்று.

வெள்ளிக் கவ்வி

உறங்கிய சொல்லை எழுப்பியவர் ஹாரி கோல்டுபிளாட். அமெரிக்காவில் கிளீவ்லாந்து நகரில் நோய்க்கூற்றியல் ஆராய்ச்சியாளராக இருந்தவர். இரத்த அழுத்தம் மிக்கிருந்து இறந்தவர்களின் சிறுநீரகங்களில் நாடிகள் குறுகியிருப்பதை அவர் பலகாலும் கண்டார். அழுத்தம் மிகுந்ததனால்தான் நாடிகள் குறுகிப் போயின என்று மற்றவர்கள் கருதினர். கோல்டுபிளாட் அதனைத் தலைகீழாக நோக்கினார். நாடி முதலில் குறுகி, அதனால் அழுத்தம் மிகுந்திருக்கலாம் அன்றோ? காரணம் எது, காரியம் எது என்பதைப் பிணத்தை அறுத்து அறிய இயலாது. உயிருள்ள உடலில்தான் அறிய முடியும்.

அவர் திருகினால் சிறிது சிறிதாக இறுகக்கூடிய சிறிய வெள்ளிக் கவ்வி ஒன்றை அமைத்து, நாயின் சிறுநீரகத்திற்குச் செல்லும் நாடியில் பொருத்தினார். நாடி முழுதும் அடைபடவில்லை. இரத்த ஓட்டம் குறைந்தது. அழுத்தம் உயர்ந்தது, உயர்ந்த நிலையிலேயே நீடித்தது. சிறுநீரகத்திற்குச் செல்லும் நரம்புகளை அறுத்துவிட்ட பின்னும் அழுத்தம் உயரவே செய்தது. ஆகவே நரம்பின் வழியாக அன்றி, இரத்தத்தின் வழியாகவே ஏதோ ஒரு பொருள் செல்ல வேண்டும் என்பது புலனாயிற்று. 1934-ஆம் ஆண்டில் வெளிவந்த இந்த ஆராய்ச்சி, உலகெங்கும் ஆய்வுக்கூடங்களைத் தட்டி எழுப்பியது. டிகர்ஸ்டெட்டின் பழைய கட்டுரையைத் தேடிப் படிக்கலாயினர்.

புவனோஸ் ஐரிஸ் நகரில்

அர்ஜென்டினாவின் தலைநகராகிய புவனோஸ் ஐரிசில், பல்கலைக்கழக உடலியல் நிலையத்தின் தலைவராக இருந்தவர் பெர்னார்டோ ஹூசே. பின்னாளில், 1947-இல், வேறோர் ஆராய்ச்சிக்காக நோபெல் பரிசு பெற்றவர். அவரும் இளைஞரான ஹுவான் பாசியோலோவும் சேர்ந்து துணிவான ஒரு சோதனையைச் செய்தனர். கோல்டுபிளாட் முறைப்படி அழுத்தம் உயர்த்தப்பட்ட நாயின் சிறுநீரகத்தை எடுத்து, சிறுநீரகங்கள் நீக்கப்பட்ட மற்றொரு நாயின் கழுத்தில் இரத்தக் குழாய்களோடு இணைத்தனர். புதிய இடத்தில் அச்சிறுநீரகத்திற்கு நரம்புத் தொடர்பு இல்லை. ஆயினும் இரண்டாம் நாயின் அழுத்தமும் உயர்ந்தது. நலமான சிறுநீரகத்தை அவ்வாறு இணைத்தபொழுது அழுத்தம் உயரவில்லை.

அப்படியாயின் அந்தப் பொருள் யாது? இக்கேள்வியை எடுத்துக்கொண்டவர் எடுவர்டோ பிரௌன் மெனெண்டெஸ். அவரோடு பாசியோலோ, லூயிஸ் லெலுவார், ஹுவான் முன்யோஸ் ஆகியோர் உழைத்தனர். இவர்களுள் லெலுவார் 1970-ஆம் ஆண்டில் வேதியியலுக்கான நோபெல் பரிசு பெற்றவர். இரத்த ஓட்டம் குறைந்த சிறுநீரகத்திலிருந்து வரும் இரத்தத்தைச் சேர்த்து, அதிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தனர். அது ரெனின் அன்று. ரெனின் புரதம், வெப்பத்தில் அழிவது. இதுவோ மிகச் சிறிய மூலக்கூறு, வெப்பத்தைத் தாங்குவது, அழுத்தத்தை விரைந்து உயர்த்திவிட்டு விரைவில் மறைவது. பின்னர், ரெனினை இரத்த நீரோடு கலந்து வைத்தபோதும் அதே பொருள் தோன்றியது.

முடிச்சு அவிழ்ந்தது. ரெனின் தானே குழாய்களைச் சுருக்குவதில்லை. அது ஒரு நொதி. இரத்த நீரில் உள்ள ஒரு பெரிய புரதத்தை அது வெட்டுகிறது. வெட்டுண்டு விழும் சிறு துண்டே குழாய்களைச் சுருக்குகிறது. வாழைத்தாரிலிருந்து கத்தி ஒரு சீப்பை அரிந்தெடுப்பது போன்றது இது. பசி தீர்ப்பது கத்தியன்று. சீப்பில் உள்ள பழமே. 1939-ஆம் ஆண்டில் அவர்கள் இத்துண்டுக்கு ஹைபர்டென்சின் என்று பெயரிட்டனர். ஹைபர் என்பது மிகுதி. டென்சின் என்பது அழுத்தத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. மிகை அழுத்தம் தருவது என்பது பெயரின் பொருள்.

இண்டியானாபொலிஸ் நகரில்

அதே ஆண்டுகளில் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில் இர்வின் பேஜ், ஆஸ்கர் ஹெல்மர் ஆகிய இருவரும் வேறொரு வழியாக அதே இடத்தை நோக்கி நடந்து கொண்டிருந்தனர். அவர்கள் ரெனினைத் தூய்மையாக்க முயன்றனர். தூய்மையாக்கிய ரெனினை உப்பு நீரில் கலந்து, முயலின் காதிலும் நாயின் வாலிலும் உள்ள குழாய்களின் வழியே செலுத்தினர். குழாய்கள் சுருங்கவில்லை. இரத்த நீரைச் சேர்த்துச் செலுத்திய போதுதான் சுருங்கின.

இங்கு ஒரு நுட்பம் உண்டு. இரத்த நீரில் உள்ள புரதம் ரெனினைத் தூண்டிச் செயற்படுத்துகிறது என்று பேஜ் குழுவினர் முதலில் எண்ணினர். ஆகவே அப்புரதத்திற்கு ரெனின்-தூண்டி எனப் பொருள்படும் பெயரைச் சூட்டினர். உண்மையில் அப்புரதம் ரெனினைத் தூண்டுவதில்லை, ரெனினால் வெட்டப்படுகிறது. தாரைக் கத்தியின் சாணைக்கல் என்று எண்ணியது போல் ஆயிற்று. ஆயினும் அவர்களும் அந்தச் சிறு பொருளைப் பிரித்தெடுத்துவிட்டனர். ஆஞ்சியோடோனின் என்று பெயரிட்டனர். ஆஞ்சியோ என்பது கிரேக்க மொழியில் குழாயைக் குறிப்பது. டோனின் என்பது முறுக்கு அல்லது விறைப்பைக் குறிப்பது. குழாயை முறுக்கேற்றுவது என்பது பெயரின் பொருள்.

இரு பெயர்களும் பொருத்தமான பெயர்களே. ஒன்று விளைவைச் சுட்டியது. மற்றொன்று வேலை நடக்கும் இடத்தைச் சுட்டியது. எதையும் பிழை என்று தள்ள இயலாது. தள்ள இயலாமையே தொல்லைக்கு வேராயிற்று.

பெயர் பெற்ற குட்டிகள்

ஒரு கலைச்சொல் தனியே நிற்பதில்லை. அது குடும்பமாகப் பெருகும். ஹைபர்டென்சின் பிறக்கும் தாய்ப் புரதம் ஹைபர்டென்சினோஜென் ஆயிற்று; அதனை அழிக்கும் நொதி ஹைபர்டென்சினேஸ் ஆயிற்று. வட அமெரிக்கக் குழுவில் அதே தாய்ப் புரதம் ரெனின்-தூண்டி. அழிக்கும் நொதி ஆஞ்சியோடோனேஸ். மூன்று பொருள்களுக்கு ஆறு பெயர்கள். புதிதாகப் படிக்க வரும் மாணவன் நிலையை எண்ணிப் பார்த்தல் வேண்டும். அறிய வேண்டிய பொருளை அறிவதற்கு முன் இரண்டு அகராதிகளை அவன் மனனம் செய்தாக வேண்டும்.

இதற்கிடையில், அந்நோயால் மக்கள் மடிந்து கொண்டிருந்தனர். 1944-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் அமெரிக்க அதிபர் பிராங்கிளின் ரூஸ்வெல்ட்டின் உடலை இதய மருத்துவர் ஹோவர்டு புரூயன் ஆய்ந்தபொழுது, இரத்த அழுத்தம் 186-க்கு 108 என்று இருந்தது. உப்பைக் குறைத்தல், ஓய்வு, புகைபிடித்தலைக் குறைத்தல், இதயத்திற்கு டிஜிடாலிஸ் என்னும் பழைய மருந்து, இவற்றுக்கு மேல் அந்நாள் மருத்துவம் தரக்கூடியது மிகச் சிறிதே. 1945 ஏப்ரல் 12-ஆம் நாள் மூளையில் இரத்தம் கசிந்து அவர் இறந்தார். உலகப் பெரும் வல்லரசின் தலைவருக்கே நிலை இதுவாயின், ஏழை எளியோர் நிலையைக் கூற வேண்டுவதில்லை. பெயர்ப் பூசலால்தான் மருந்து கிடைக்கத் தாமதமாயிற்று என்று கூறுதல் பொருந்தாது. வேதியியல் வளராமையே தலைமைக் காரணம். ஆயினும், இத்தகைய நோயை எதிர்த்து நின்றவர்கள் ஒரே பொருளை இரு மொழியில் பேசிக்கொண்டிருந்தனர் என்பதும் உண்மையே.

அர்ஜென்டினாக் குழுவினர்க்கு வேறொரு துன்பமும் நேர்ந்தது. 1943-ஆம் ஆண்டில் அந்நாட்டில் படைத்துறையினர் ஆட்சியைக் கைப்பற்றினர். மக்களாட்சி வேண்டும் என்ற அறிக்கையில் ஹூசே கையொப்பமிட்டார். அதனால் பல்கலைக்கழகப் பதவியை இழந்தார். அவருடைய மாணவர் பலரும் வெளியேறினர். லெலுவார் வட அமெரிக்கா சென்றார். பிரௌன் மெனெண்டெஸ் ஆசிரியரை விட்டுப் பிரியவில்லை. தனியார் பொருளுதவி கொண்டு 1944-இல் உயிரியல், சோதனை மருத்துவ நிலையம் ஒன்றை ஹூசே நிறுவியபொழுது, அவரும் உடன் நின்றார். அந்நிலையம் இன்றும் இருந்து வருகிறது.

ஒரே நகரில் இரு பெயர்

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் வேதியியல் முறைகள் விரைந்து வளர்ந்தன. பேஜ் 1945-இல் கிளீவ்லாந்துக்குக் குடிபெயர்ந்தார். அதே நகரில் வேறொரு மருத்துவமனையில் லியோனார்டு ஸ்கெக்ஸ் என்பார் குதிரையின் இரத்த நீரைக் கொண்டு ஆராய்ந்தார். 1954-இல், அந்தப் பொருள் ஒன்றன்று, இரண்டு வடிவம் உடையது என்று கண்டார். முதல் வடிவத்தில் பத்து அமினோ அமிலங்கள், இரண்டாவதில் எட்டு. வாழைச்சீப்பில் முதலில் பத்துப் பழங்கள். அவற்றில் இரண்டைக் கிள்ளி எறிந்த பின் எஞ்சுவன எட்டு. எட்டுப் பழம் உள்ளதே குழாய்களைச் சுருக்க வல்லது. கிள்ளும் வேலையைச் செய்வது மற்றொரு நொதி என்பதை 1956-இல் அவரும் அவர் குழுவினரும் காட்டினர்.

இதில் வியப்பு யாதெனில், ஸ்கெக்ஸ் தம் கட்டுரைகளில் அர்ஜென்டினாவின் பெயராகிய ஹைபர்டென்சினைக் கையாண்டார். அதே கிளீவ்லாந்து நகரில் பம்பஸ், சுவார்ட்ஸ், பேஜ் ஆகிய மூவரும் எட்டு அமினோ அமிலங்களைக் கோத்து அப்பொருளை ஆய்வுக்கூடத்திலேயே செய்து காட்டி, 1957-இல் வெளியிட்ட கட்டுரையில் அதனை ஆஞ்சியோடோனின் என்றே எழுதினர். சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் அதனையே செய்த சுவைசர் குழுவினர் ஹைபர்டென்சின் என்றனர். கண்டத்திற்கு ஒன்றாக இருந்த பெயர், இப்பொழுது ஒரே ஊரில் தெருவிற்கு ஒன்றாகிவிட்டது. இனிப் பொறுத்தல் இயலாது என்ற நிலை பிறந்தது.

பாதியைக் கொடுத்துப் பாதியைக் கொண்டனர்

பிரௌன் மெனெண்டெசும் பேஜும் தாமே இதனைத் தீர்த்துக்கொண்டனர். 1958-ஆம் ஆண்டில் சயன்ஸ் என்னும் இதழில் இருவர் பெயரும் தாங்கிய சிறு குறிப்பு ஒன்று வெளிவந்தது. ஆஞ்சியோடோனின் என்பதன் முன்பாதியையும் ஹைபர்டென்சின் என்பதன் பின்பாதியையும் எடுத்து, ஆஞ்சியோடென்சின் என்ற புதுப்பெயரை அவர்கள் முன்மொழிந்தனர். தாய்ப் புரதம் ஆஞ்சியோடென்சினோஜென். அழிக்கும் நொதி ஆஞ்சியோடென்சினேஸ். ரெனின்-தூண்டி என்னும் பிழைபட்ட பெயர் ஓசையின்றி மறைந்தது.

எவர் முதலில் கண்டார் என்று வழக்காடியிருந்தால், அது முடிந்திருக்குமா என்பது ஐயமே. இருவர் கையிலும் சான்று இருந்தது. இருவர் பின்னும் நாடு இருந்தது. அவர்கள் முதன்மையைப் பற்றிப் பேசாமல், மாணவர்க்கு எது எளிது என்பதைப் பற்றிப் பேசினர். இருவரும் தம் பெயரில் பாதியை இழந்தனர். இருவரும் பாதியைக் காத்துக்கொண்டனர். புதுப்பெயர் பொருளும் தந்தது: குழாயும் அழுத்தமும் ஒரு சொல்லில் சேர்ந்தன. முந்தைய பெயர்கள் இரண்டையும்விடப் பிந்தையது சிறந்ததாகவே அமைந்தது.

பெயர் நிலைபெற்றதைப் பிரௌன் மெனெண்டெஸ் நெடுநாள் இருந்து காணவில்லை. 1959 ஜனவரியில், அர்ஜென்டினாவின் மார் தெல் பிளாட்டா நகருக்கு அருகே நிகழ்ந்த விமான விபத்தில் அவர் உயிர் நீத்தார். பேஜ் 1991 வரை வாழ்ந்தார்.

பாம்பு தந்த மருந்து

இவ்வாறு பெயர் ஒன்றான பின் வரலாறு விரைந்தது. ஆஞ்சியோடென்சின் குழாய்களைச் சுருக்குவதோடு நில்லாமல், சிறுநீரகத்தின் மேல் அமர்ந்துள்ள அட்ரினல் சுரப்பியைத் தூண்டி உப்பை உடலில் நிறுத்துகிறது என்பது 1960-ஐ ஒட்டித் தெளிவாயிற்று. இதன் பயன் யாது? காயம்பட்டு இரத்தம் ஒழுகும்பொழுதும், நீரும் உப்பும் குறையும்பொழுதும், சிறுநீரகம் அழுத்தக் குறைவை உணர்ந்து ரெனினை விடுகிறது, குழாய்கள் சுருங்குகின்றன, உப்பு நிற்கிறது, உயிர் காக்கப்படுகிறது. கோல்டுபிளாட்டின் கவ்வி செய்தது, உடலில் இரத்தம் இருந்தும் இல்லை என்று சிறுநீரகத்தை ஏமாற்றியதுதான். காக்கும் பொருளே அளவு மீறினால் கேடு செய்யும் என்பதற்கு இது நல்ல சான்று.

அடுத்த அடி பிரேசில் நாட்டில் வைக்கப்பட்டது. அங்கு வாழும் ஜராராகா என்னும் விரியன் வகைப் பாம்பின் நஞ்சை ஆராய்ந்த செர்ஜியோ பெரெய்ரா, 1965-இல் அதில் ஒருவகைப் பெப்டைடுகள் இருப்பதைக் காட்டினார். அவர் அதனோடு இலண்டனில் ஜான் வேன் என்பாரின் ஆய்வுக்கூடத்திற்குச் சென்றார். பத்துப் பழச் சீப்பிலிருந்து இரண்டைக் கிள்ளும் நொதியை அந்நஞ்சுப் பொருள் தடுக்கிறது என்பதை அங்கே பாக்லே என்பார் 1968-இல் கண்டார். கிள்ளும் வேலை பெரிதும் நுரையீரலில் நடக்கிறது என்பதும் அவ்வாய்வுக்கூடத்திலேயே தெரிந்தது.

ஆனால், பாம்பின் பெப்டைடை வாய்வழி உண்ண இயலாது, வயிற்றிலேயே செரித்துவிடும். அமெரிக்காவின் ஸ்குவிப் நிறுவனத்தில் டேவிட் குஷ்மனும் மிகுவேல் ஒண்டெட்டியும், நொதியின் வெட்டும் வாய் எத்தகையது என்று கருதி, அதில் பொருந்தும் சிறு மூலக்கூறு ஒன்றைத் திட்டமிட்டுச் செய்தனர். கேப்டோபிரில் என்னும் அம்மருந்து பற்றிய கட்டுரை 1977-இல் வந்தது. அமெரிக்க அரசு 1981-இல் அதற்கு இசைவு அளித்தது. கோல்டுபிளாட் மறைந்ததும் 1977-ஆம் ஆண்டே. ஒண்டெட்டி பிறந்த ஊர் புவனோஸ் ஐரிஸ் என்பதும் நினைவிற் கொள்ளத் தக்கது. பெயரைப் பாதி பாதியாகத் தந்த இரு நாடுகளும் மருந்திலும் ஒருவகையில் கூடின.

பின்னர் வந்த எனாலபிரில், லிசினோபிரில் ஆகியவை அதே வழியில் வந்தவை. 1995-இல் இசைவு பெற்ற லோசார்ட்டன், ஆஞ்சியோடென்சின் குழாய்ச் சுவரில் சென்று பொருந்தும் இடத்தையே அடைத்து நிற்பது. இன்று உலகில் நூறு கோடிக்கும் மேற்பட்டோர்க்கு இரத்த அழுத்த நோய் இருக்கிறது. அவர்களுள் எண்ணற்றோர் நாள்தோறும் விழுங்கும் மாத்திரைகளுக்குப் பின்னால் முயலும் நாயும் குதிரையும் பாம்பும் நிற்கின்றன.

உடன்பிறந்தார் இருவர்

இரத்தக் குழாயைச் சுருக்கும் பெப்டைடு இஃதொன்றே அன்று. இங்கிலாந்தில் ஆலிவர், ஷேபர் என்னும் இருவர் 1895-இல் மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியின் சாறு அழுத்தத்தை உயர்த்துவதைக் கண்டனர். அதிலுள்ள பொருள் வாசோபிரெசின் எனப் பெயர் பெற்றது. ஒன்பது அமினோ அமிலங்களால் ஆன அதனைச் செயற்கையில் செய்த வின்சென்ட் டு விக்னோ 1955-இல் நோபெல் பரிசு பெற்றார். ஆனால், அப்பொருளின் அன்றாட வேலை சிறுநீரகத்தில் நீரைக் காப்பதே. ஆகவே சிறுநீர்ப் பெருக்கைத் தடுக்கும் ஹார்மோன் என்ற மற்றொரு பெயரும் அதற்கு உண்டு. இரு பெயர்களும் இன்றும் வழங்குகின்றன. மாணவர்களும் இன்றும் இரண்டையும் படிக்கின்றனர்.

1988-இல் ஜப்பானின் ட்சுகுபா பல்கலைக்கழகத்தில் யானகிசாவா முதலியோர் மற்றொன்றைக் கண்டனர். இருபத்தொரு அமினோ அமிலங்கள் கொண்டது. மிக வலிமை வாய்ந்தது. இரத்தக் குழாயின் உட்சுவராகிய எண்டோதீலியத்தில் தோன்றுவதால் அதற்கு எண்டோதீலின் என்று பெயர். டிகர்ஸ்டெட் செய்தது போலவே பிறப்பிடத்தைப் பெயராக்கினர். அப்பெயருக்குப் போட்டி எழவில்லை.

தமிழாசிரியர்க்கு

இவ்வரலாறு தமிழாசிரியர்க்கு ஒன்றைக் கூறுகிறது. ஹார்மோன் என்று ஒரு நூலில், இயக்குநீர் என்று மற்றொரு நூலில், ஓமோன் என்று இலங்கை நூலில் மாணவர் படிக்கின்றனர். நொதி ஓரிடத்தில், நொதியம் மற்றோரிடத்தில், என்சைம் வேறோரிடத்தில். ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னும் அறிஞர் உழைப்பு இருக்கிறது; ஒவ்வொன்றையும் தக்கது என்று காட்டக் காரணமும் இருக்கிறது. ஆகையால் எது சரி என்று வழக்காடுவதால் மட்டும் முடிவு பிறவாது.

கலைச்சொல்லைச் சீர்தூக்க மூன்று வினாக்கள் போதும். சொல் பொருளைப் பற்றித் தவறான கருத்தைத் தருகிறதா? தருமாயின், ரெனின்-தூண்டியைப் போல் அது விலக வேண்டும். இரு சொற்களும் உண்மையே கூறுகின்றனவா? ஆயின், சொல்லை ஆக்கியோர் கூடிப் பேசி ஒன்றாக்க வேண்டும். ஒன்றாக்க இயலவில்லையா? ஆயின், வாசோபிரெசினைப் போல் இரண்டையும் மாணவர்க்குக் கற்பித்து, இரண்டும் ஒரே பொருள் என்பதை முதல் நாளிலேயே கூறிவிட வேண்டும்.

இவற்றுள் நடுவில் உள்ளதே கடினமானது. அறிவு மட்டும் அதற்குப் போதாது; விட்டுக்கொடுக்கும் உள்ளமும் வேண்டும். புவனோஸ் ஐரிசில் இருந்த ஒருவருக்கும் கிளீவ்லாந்தில் இருந்த ஒருவருக்கும் அவ்வுள்ளம் 1958-இல் இருந்தது. அதனால்தான் இன்று எந்நாட்டு மருத்துவ மாணவனும் ஆஞ்சியோடென்சின் என்ற ஒரு சொல்லையே கற்றுத் தன் படிப்பைத் தொடர்கிறான்.